பேர் சொல்லிக் கூப்பிடணும்

பேரா? பேரு இல்லம்மா.

இல்லம்மா, வெளையாடல. புள்ளையத் தொலைச்சுட்டு போலீஸ் பந்தல்ல வந்து நிக்கிறவன் வெளையாடுவானா? என் பேரு பக்கிரிசாமி. வேதாரண்யம் பக்கம், உப்பளத்துல வேலை. கட்சியில கிளைச் செயலாளர். இந்தா பாருங்க அட்டை. என் பேரை எழுதிக்கங்க. எங்கப்பா பேரு ராமாமிர்தம், அதையும் வேணா எழுதிக்கங்க. குழந்தையின் பெயர்னு ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்கீங்க பாருங்க, அதுக்குத்தான் எங்கிட்ட பதில் இல்ல. பொம்பளப் புள்ள. நாலரை வயசு. ஒரு மணி நேரமாக் காணும். பேரு இன்னும் வெக்கல.

பாப்பான்னு கூப்பிடுவேன். நீங்க மைக்குல அப்படியே சொல்லுங்களேன், "பாப்பா, எங்க இருந்தாலும் போலீஸ் பந்தலுக்கு வா, அப்பா நிக்கிறேன்"னு... ஆமாம்மா. நீங்க சொல்றது சரிதான். தலைவர் ஒடம்பப் பாக்க ஊரு ஊரா வந்து குமிஞ்சிருக்கு ஜனம். இதுல பாப்பான்னு கூப்பிட்டா எத்தனை பாப்பா திரும்பும். நானே தொண்டைத் தண்ணி வத்தக் கத்திப் பாத்துட்டேன். கத்துனா ஒரு பொம்பள தன் புள்ளையத் தூக்கிட்டு வந்து, "ஏங்க எம்புள்ளையக் கூப்பிடுறீங்க"ங்கிறா. என்னத்தச் சொல்ல.

டிரெஸ்ஸா? நீலக் கவுனு, மஞ்சள் பார்டர்... அட, சிரிக்காதீங்கம்மா. சரி, சிரிக்கல நீங்க. எனக்குத் தெரியுது, இங்க இருக்குற புள்ளைங்கல்ல பாதி நீலமும் மஞ்சளும்தான். எல்லாரும் கட்சிக்காரன் புள்ளைங்க. ஆனா அதுங்க கடையில வாங்குனது. எம்புள்ளைக்கு நானே கொடித்துணி வாங்கிட்டு வந்து டெய்லர்கிட்டக் குடுத்து நின்னு தெச்சு வாங்குனேன். முதுகுல நம்ம சின்னம் வர்ற மாதிரி வெட்டச் சொன்னேன். அவன் கொஞ்சம் கோணலா வெட்டிப்புட்டான்.

நாலு மணிக்கு ஊர்வலம் கெளம்புதுன்னு சொல்றாங்களே, நெசமாம்மா? இப்ப என்ன ஆகுது? ரெண்டரையா? அய்யோ. கெளம்புறப்ப அந்தக் கேட்டைத் தொறந்து விட்ருவாங்களே. தொறந்து விட்டா இந்தக் கூட்டம் நிக்குமா? பெரிய ஆளுங்களே கீழ விழுந்தா எந்திரிக்க முடியாது. அது இத்தினிக்காண்டு இருக்கும்மா, என் இடுப்புக்குக்கூட வராது. ஒங்க ஆளுங்களை நாலு பேரை அனுப்புங்கம்மா. ஒங்க காலைப் புடிச்சுக்கிறேன்.

சரி, சரி, எந்திரிச்சுட்டேன். ஒக்காந்துட்டேன். கேளுங்க.

அடையாளமா? அங்க அடையாளம்னா, மச்சம், தழும்பு, அதானே? மச்சம்... இருங்க. தலைவருக்கு எடது காதுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கும், மொளகு மாதிரி. வலது கட்டை விரல் நகம் பொளந்திருக்கும், சின்ன வயசுல மெஷின்ல மாட்டுனது. புள்ளைக்கு... புள்ளைக்கு எங்கயோ ஒண்ணு இருக்கு. குளிப்பாட்டுறது எல்லாம் அவதான், தவமணி, எம் பொண்டாட்டி. அவளுக்குத்தான் தெரியும். எனக்குக் கட்சி வேலை. காலைல கெளம்புனா...

பல்லா? பல்லு இருக்கும்மா, எல்லாப் பல்லும் இருக்கும்னு நெனைக்கிறேன்.

அவ இங்க வரல. ஊர்ல இருக்கா. ஏன் வரலைன்னா... இந்தா, பயந்துட்டீங்களா? தலைவர் கொரல்தான். செத்தவர் பேசுறார்னு நெனைச்சுட்டீங்க. போன்ல ரிங்டோனா வெச்சிருக்கேன், மாநாட்டுல பேசுனது. அவதான் கூப்பிடுறா. காலையிலேருந்து இது ஏழாவது தடவை. வேணாம்மா, எடுக்க மாட்டேன். எடுத்து என்ன சொல்லச் சொல்றீங்க? கட் பண்ணிட்டேன்.

ஏன் பேரு வெக்கலைன்னு கேட்டீங்கள்ல. அதைச் சொல்லணும்னா முன்னாடியிலேருந்து சொல்லணும். சுருக்கமாச் சொல்றேன். சொல்லச் சொல்ல நீங்க வயர்லெஸ்ஸுல சொல்லிக்கிட்டே இருங்க, நீலக் கவுனு, மஞ்சள் பார்டர், முதுகுல சின்னம், கோணலா.

எனக்கு இருபது வயசுல எங்கூர்ல ஒரு புயல் வந்திச்சு. வீடு போச்சு, எங்கம்மாவும் போச்சு. உப்பெல்லாம் கரைஞ்சு, பாத்தியெல்லாம் கடலா நிக்கிது. மூணு நாளு ஒருத்தனும் வரல. நாலாம் நாள் தலைவர் வந்தார். வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு முழங்கால் தண்ணியில நடந்து வந்தார். நான் ஒடைஞ்ச சுவத்து மேல ஒக்காந்திருந்தேன். நேரா எங்கிட்ட வந்தார். இந்தத் தோள்ல கை வெச்சார். "சாப்பிட்டியாப்பா?"ன்னார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுத அழுகை இருக்கே, எங்கம்மா போனதுக்குக்கூட அப்படி அழுவல. பெத்த அப்பன் என் தோள்ல கை வெச்சதில்லம்மா. அடிக்கத்தான் கை நீளும். அவர் கை வெச்ச எடத்துலயே பச்சை குத்திக்கிட்டேன். பாக்குறீங்களா? அவர் மூஞ்சி. பச்சை குத்துனவனுக்கு மூக்கு சரியா வரல, ஆனா கண்ணு அப்படியே அவர்தான்.

அதுலேருந்து கட்சிதான். கோஷம் போடுறதுல எங்க ஜில்லாவுல என்னை அடிச்சுக்க ஆளு கெடையாது. நான் "தலைவர்"னு இழுத்தேன்னா பத்தாயிரம் பேரு "வாழ்க"ம்பான். மாவட்டச் செயலாளரே, "பக்கிரி வந்துட்டானா, மைக்கைக் குடு"ம்பார்.

கல்யாணமும் தலைவர்தான் பண்ணி வெச்சார். மாநாட்டுப் பந்தல்ல நாப்பத்தொரு ஜோடி. தாலி எடுத்துக் குடுத்துட்டு மைக்குல சொன்னார், "புள்ள பொறந்தா எங்கிட்டத் தூக்கிட்டு வாங்க, நான் பேரு வெக்கிறேன்"னு. நாப்பத்தொரு ஜோடிக்கும்தான் சொன்னார், நான் இல்லைங்கல. ஆனா சொல்றப்ப என்னையத்தான் பாத்தார். தவமணிகூட சொன்னா, "அவரு போட்டோக்காரனைப் பாத்தாருங்க"ன்னு. அவளுக்கு என்ன தெரியும். அவ தலையைக் குனிஞ்சுட்டு நின்னா.

அப்பறம் ஒம்பது வருஷம் புள்ள இல்ல. அவ போவாத கோயில் இல்ல, நான் போவாத கூட்டம் இல்ல. ஒம்பது வருஷம் கழிச்சுப் பொறந்திச்சு. நான் ஆஸ்பத்திரி வாசல்லயே வெடி வெச்சேன். நர்சம்மா வந்து திட்டுனாங்க. என்ன பேருன்னு கேட்டாங்க. தலைவர் வெப்பார்னு சொன்னேன். பேரு இல்லாமலே சர்ட்டிபிகேட் குடுத்தாங்க, அப்பறமா சேத்துக்கலாம்னு. வழி இருக்கும்மா, நான் ஒண்ணும் தெரியாதவன் இல்ல.

மொத தடவை, புள்ளைக்கு மூணு மாசம். எலெக்சனுக்கு வேன்ல வந்தார். காலைல பத்து மணிக்குக் கடைத்தெருவுல நின்னோம், நாலு மணிக்கு வந்தார். புள்ளையத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுறேன். "தலைவரே பேரு, தலைவரே பேரு"ன்னு கத்துறேன். பாத்தார். கையைத் தூக்கி ஆட்டினார். புள்ளைக்குத்தான் ஆட்டினார். வேன் போயிடிச்சு. வெயில்ல புள்ளைக்கு ஒடம்பெல்லாம் கொப்புளம். தவமணி ரெண்டு நாளு எங்கூடப் பேசல.

ரெண்டாவது தடவை, ஒன்றரை வயசு. மாவட்டப் பொதுக்கூட்டம். பேரு வெக்க ஏழு புள்ளைன்னு லிஸ்டு போட்டாங்க. நம்மளுது ஏழாவது. மேடைக்குப் பின்னாடி வரிசையில நிக்கிறோம். திடீர்னு மாவட்டச் செயலாளரோட பேத்திங்களைத் தூக்கிட்டு வந்தாங்க. ரெட்டைப் புள்ளைங்க. நம்ம புள்ள எத்தனாவதாச்சு? ஒம்பது. ஏழு வெச்சதும், "நேரமாச்சு, அடுத்த கூட்டம் இருக்கு"ன்னுட்டாங்க. தலைவரைத் தப்பு சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா, "யாரு, நம்ம பக்கிரி புள்ளையா"ன்னு எறங்கி வந்திருப்பார்.

மூணாவது தடவை, அடுத்த மாசமே, இங்கயே வந்தோம், கட்சி ஆபீசுக்கு. மூணு நாளு வாசல்லயே கெடந்தோம். புள்ளைக்கு வயித்தால போயி, கண்ணெல்லாம் உள்ள போயிடிச்சு. தலைவர் பின்னாடி கேட்டு வழியாப் போயிட்டாராம். அன்னிக்குத்தான் மொத மொதல்ல அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சிறுநீரகம். மனுசன் வலியில துடிச்சுட்டிருக்கார், நான் வாசல்ல பேருக்கு நின்னுருக்கேன். நெனைச்சா இப்பவும் எனக்கு வெக்கமா இருக்கு.

அன்னிக்கு ரயில்ல தவமணி சொன்னா, "அவரு வெக்கலைன்னா போவட்டும், பெத்தவ நான் இருக்கேன், நானே வெக்கிறேன்"னு. கையை ஓங்கினேன். அடிக்கல. ஓங்குனப்ப ஒண்ணு பட்டுடிச்சு. சரி, அடிச்சேன். ஒரு அடி. நீங்க பொம்பள, ஒங்களுக்குக் கோவம் வரும். ஆனா அதுக்கப்பறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கலம்மா. புரிஞ்சுக்கிட்டா. எங்க வீட்ல எனக்கு அப்படி ஒரு மரியாதை. அவளும் புள்ளையும் கொல்லையில குசுகுசுன்னு பேசிட்டுச் சிரிச்சுட்டு இருக்கும், நான் படியேறுனா ரெண்டும் கப்சிப். அங்கன்வாடிக்குப் போனாகூட டீச்சர் என்னைப் பாத்ததும் வாயை மூடிக்கும், "பாப்பா, அப்பா வந்துருக்காங்க"ன்னு சொல்லி அனுப்பும். கிளைச் செயலாளர்னா சும்மாவா.

வயர்லெஸ்ஸுல என்னமோ சொல்றாங்களே, கெடைச்சிருச்சா? ஆம்பளப் புள்ளையா? இல்லம்மா, நம்மளுது பொம்பள.

தலைவர் படுத்த படுக்கையா ஆன இந்த ஏழு மாசமும் நான் மனுசனா இல்லம்மா. மண்ணுல சோறு போட்டுத் தின்னேன், வெறுந்தரையில, எலை இல்லாம. மொட்டை போட்டேன், புள்ளைக்கும் போட்டேன். ஆமா, எழுதிக்கங்க, முடி கொஞ்சமாத்தான் இருக்கும், இப்பத்தான் வளருது. அதையும் முன்னாடியே சொல்லியிருக்கணும் நான். புத்தி வேலை செய்யல. தீ மிதிச்சேன். உப்பளத்துல நின்னு நின்னு வெடிச்ச காலு, அதுல தீ. அவருக்குச் சக்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு தெனம் பேப்பர்ல பாத்து மனப்பாடமா வெச்சிருப்பேன். நேத்து காலைல டிவியில சொல்லிட்டாங்க. நான் உப்பு அள்ளுன கூடையோட அப்படியே ஒக்காந்துட்டேன்.

அப்பத்தான் தோணுச்சு. போயிட்டாரேன்னா அழுதேன்? அதுவும்தான். ஆனா பேரு? எம்புள்ளைக்குப் பேரு யாரு வெப்பா? ஒம்பது வருஷம் கழிச்சுப் பொறந்தது, நாலரை வருஷமாக் காத்துட்டிருக்கு, அது அனாதையாட்டம் பேரில்லாமலே நிக்கிது. பத்துப் பேரை யோசிச்சு, பத்துச் சீட்டுல எழுதிக்கிட்டேன். சாமிகிட்ட சீட்டுப் போட்டுப் பாக்குறதில்லயா, அதான். தலைவர் காலடியில பத்தையும் போட்டு, புள்ளைய ஒண்ணு எடுக்கச் சொன்னா, அது அவர் வெச்ச பேருதானே? ஒடம்பு எடுக்கறதுக்குள்ள பண்ணிரணும். தவமணிகிட்ட மன்னார்குடியில எங்கக்கா வீட்டுக்குப் போறோம்னு பொய் சொல்லிட்டுத் தூக்கிட்டு வந்துட்டேன். காலைல எங்கக்காவுக்குப் போன் போட்டிருப்பா. அதான் அடிச்சுக்கிட்டே இருக்கா.

இந்தா, மறுபடியும். வேணாம்மா. கட் பண்ணிட்டேன்.

தொலைஞ்சது எப்படின்னா, அதான் சொன்னேனே, கூட்டம் தள்ளிச்சு, கை நழுவிடுச்சு. சவுக்குக் கட்டை கட்டி வரிசை விட்ருக்காங்கள்ல, அதுல ஆறு மணி நேரமா ஊர்ந்து ஊர்ந்து... எந்த எடம்னா, கடைசி வளைவு. அங்க தள்ளுமுள்ளு இல்லையா? போலீசு கயிறு புடிச்சு ஒவ்வொருத்தராத்தான் விட்டாங்களா? நீங்க அங்கதான் நின்னீங்களா காலைல?

சரிம்மா.

சரி. சொல்லிடுறேன். கூட்டம் தள்ளல.

அந்த வளைவுல திரும்புனதும் கண்ணாடிப் பெட்டி தெரிஞ்சிச்சு. அவர் மூஞ்சி தெரிஞ்சிச்சு. அந்த மச்சம். தூங்குற மாதிரி இருந்தார். எடது கையில புள்ளையப் புடிச்சிருந்தேன். வலது கை சும்மா இருந்திச்சு. ஆனா ஒத்தக் கையால எப்படிம்மா கும்பிடுறது? தலைவரை? கடைசித் தடவை? கையை விட்டுட்டேன். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டு, "தலைவர்"னு இழுத்தேன். பின்னாடி மொத்தக் கூட்டமும் "வாழ்க"ன்னுச்சு. செத்தவருக்கு வாழ்கன்னு சொல்லக் கூடாதுன்னுகூட எனக்குத் தோணல. மறுபடி இழுத்தேன். மறுபடி வாழ்க. எத்தனை தடவைன்னு தெரியல. கண்ணுல தண்ணி, ஒண்ணும் தெரியல. கையைக் கீழ எறக்குறேன், புள்ள இல்ல.

நான்தாம்மா விட்டேன். அது விடல. அது என் சுண்டு விரலைப் புடிச்சிருந்திச்சு, நான்தான் உருவிக்கிட்டேன். "அப்பா, அப்பா"ன்னுச்சு. இருடின்னேன். அதான் கடைசியாச் சொன்னது. இருடி. அது இருந்திருக்கும்மா, அது சொன்ன பேச்சு கேக்குற புள்ள. எத்தனை வாழ்க வரைக்கும் இருந்திச்சோ. அடப்பாவி, நான் மனுசனா?

இன்னொண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாலு மணிக்குள்ள புள்ள கெடைச்சுட்டா, வரிசையில நிக்காம நேரா முன்னாடி விடுவீங்களா? சீட்டெல்லாம் பையிலதான் இருக்கு. ஒரு நிமிசம் போதும்... மொறைக்காதீங்கம்மா. கேட்டதுதான். விட்டுருங்க.

அம்மா, என்ன பண்றீங்க? அது என் போனு! எடுக்காதீங்க, அவ தாங்க மாட்டா, நெஞ்சு வெடிச்சுச் செத்துருவா...

சொல்லிட்டீங்களா. போலீசுன்னே சொல்லிட்டீங்களா. கத்துறாளா? எனக்கே கேக்குது. தவமணீ! என்னைத் திட்டச் சொல்லுங்கம்மா. ஸ்பீக்கர்ல போடுங்க, நாண்டுக்கிட்டுச் சாவுன்னு சொல்லட்டும், கேட்டுக்கிறேன். என்னது, நான் பேசக் கூடாதா? ஒங்ககிட்ட மட்டும்தான் பேசுவாளா?

எழுதுறீங்களே, என்ன எழுதுறீங்க? வலது முழங்கால்ல தழும்பு. எப்ப விழுந்திச்சு? எடது தோள்ல மச்சம். தோள்லயா? முன்பல்லு ஒண்ணு ஆடுது. பயந்தா கத்தாது, எதுக்காச்சும் அடியில போயி ஒளிஞ்சுக்கும். தெரியாதவங்க கூப்பிட்டா வராது. பேரு... பேருன்னு எழுதுறீங்க. அந்தக் கட்டத்துல எழுதுறீங்க. என்ன அது? பவித்ரா. பவித்ராவா? யாரும்மா அது?

இல்லம்மா, அவ பதட்டத்துல வேற ஏதோ சொல்றா. எங்க வீட்ல பவித்ரான்னு யாரும் இல்ல.

ரயில்லேருந்து எறங்குன அன்னிக்கே வெச்சாளா. மூணு வருஷமாவா. அங்கன்வாடியில அதுதானா. கடைக்காரன், பக்கத்து வீடு, எங்கக்கா... எங்கக்காவுக்குக்கூடத் தெரியுமா? எங்க கிளையில இருக்குற பயலுவளுக்கும் தெரியுமா? எனக்குக் கீழ இருக்குற பயலுவ! எல்லாரும் என் எதிர்ல பாப்பா, நான் அந்தாண்ட போனா பவித்ராவா? மூணு வருஷம் ஒரு ஊரே சேந்து... ஏய் தவமணி, நீ இரு, நான் ஊருக்கு வந்து... எங்க கட்சியில சுத்தமான தமிழ்ப் பேருதாண்டி வெப்பாங்க! இது என்ன பேரு, பவித்...

கத்தாதீங்கம்மா. ஆமா. ஆமா, புள்ளையக் காணும். மணி மூணேகால். நீங்க கேக்குறது நியாயம். நான் இன்னும் பேருக்குச் சண்டை போட்டுட்டு நிக்கிறேன். கூப்பிடுங்கம்மா. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. எந்தப் பேரா இருந்தா என்ன, அது திரும்பணும். எனக்கு அது திரும்பணும்.

கேக்குது, நல்லாக் கேக்குது, மைதானம் பூரா கேக்குது. "பவித்ரா, எங்கிருந்தாலும்..." இன்னொரு தடவை சொல்லுங்க. இன்னொரு தடவை.

வரலையே. ஏன் வரல? அய்யோ, அவ சொன்னாளே, தெரியாத கொரலுக்கு வராதுன்னு. போலீசுன்னா வேற அதுக்குப் பயம், சோறு திங்கலைன்னா போலீசுகிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன்னு நான்தான் மெரட்டி வெச்சிருக்கேன். மைக்கா? நானா? குடுங்க. இருபத்துநாலு வருஷமா மைக் புடிச்ச கையிதான் இது. எப்படிச் சொல்றது அதை? பவித்ரா. பவித்ரா. வாயில வரல பாருங்க, பழகல. இருங்க, தண்ணி குடுங்க. சரி.

பவித்ரா! ஏ பவித்ரா! அப்பா கூப்பிடுறேண்டா! பவித்ராக் கண்ணு! ஒளிஞ்சது போதும், வெளில வாடா! அப்பா கும்பிட மாட்டேன், கையைப் புடிச்சுக்கிறேன், வாடா! போலீசம்மா நல்லவங்க, அடிக்க மாட்டாங்க! பவித்ரா! ராமாமிர்தம் பேத்தி பவித்ரா! தவமணி மக பவித்ரா! அப்பா இங்க இருக்கேன், பந்தல்ல இருக்கேன், பவித்ரா! பவித்ரா!

யாரும் வாழ்கன்னு சொல்லாதீங்கய்யா! ஒங்களைக் கும்பிடுறேன், கொஞ்ச நேரம் கத்தாம இருங்கய்யா, புள்ளைக்குக் காது கேக்கணும்! பவித்ரா!

அம்மா. அம்மா அந்தா. தண்ணி லாரிக்குக் கீழ. அந்தச் சக்கரத்துகிட்ட என்னமோ அசையுது. நீலம். மொட்டைத் தலை... ஏய், லாரிக்காரரே, வண்டிய எடுக்காதய்யா! எடுக்காத! நிறுத்தச் சொல்லுங்கம்மா அவனை! பவித்ரா, அங்கயே இரு... இல்ல, இருக்காத! வா! வெளில வந்துரு, ஓடி வா! பவித்ரா!

வந்துட்டா. வந்துட்டாம்மா. வழி விடுங்கய்யா, எம்புள்ள வருது. தவமணி, வந்துட்டாடி, லைன்ல இருக்கியா, உசுரோட இருக்கா, ஒத்தச் செருப்போட வர்றா. வாடா. வாடா கண்ணு. ஒண்ணும் இல்ல, அழுவாத. அப்பாவும் அழுவல. எங்க, முழங்காலைக் காட்டு. ஆமாம்மா, தழும்பு இருக்கு. இதேதான். எம்புள்ளதான். எங்க கையெழுத்துப் போடணும், குடுங்க, போடுறேன்.

என்னடா? என்ன கேக்குற? சத்தமாச் சொல்லு, அப்பாவுக்குக் கேக்கல.

அம்மா, கேட்டீங்களா இது கேக்குறதை? "என் பேரு ஒனக்கு எப்படிப்பா தெரியும்? ஒங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சே"ங்குது.